கொலைகாரன் யாரென்று சோப்பு கம்பெனியைக் கேட்காதீர்கள்

ஹாலிவுட்,
1946 நவம்பர்

அன்பும் மரியாதையும் நிறைந்த வில்பர் அத்தானுக்கு, மைத்துனன் லெமுவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் தட்டச்சுப் பொறியும் நலம். ஒஹையோவில் நீங்களும் ஹெஸ்டர் அக்காவும் வான்கோழிகளும் நலமென்று நம்புகிறேன்.

அக்காவின் கடிதம் கிடைத்தது. போன வாரம் வானொலியில் வந்த என் துப்பறியும் நாடகத்தில் கொலை செய்தது சமையல்காரன் என்று நீங்களும், விதவைதான் என்று ஓரிகனில் இருக்கும் உங்கள் தம்பியும் போனில் சண்டை போட்டு, இப்போது பேச்சுவார்த்தையே இல்லையாம். தீர்ப்புக் கேட்டு சோப்பு கம்பெனிக்கே எழுதப் போகிறீர்களாம். அத்தான், உங்கள் காலில் விழுகிறேன், எழுதாதீர்கள். எங்கள் நிகழ்ச்சிக்குப் படியளப்பவர்களே அவர்கள்தான். நல்லவேளையாக சோப்பு முதலாளி அன்றைக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார். நடந்தது தெரிந்தால் என் வேலை போய்விடும்.

நீங்கள் சொல்வதும் சரி, தம்பி சொல்வதும் சரி. ஒரே நாடகத்தை நாங்கள் இரண்டு தடவை நேரடியாக நடிக்கிறோம். நேர வித்தியாசம் இருப்பதால் முதலில் உங்கள் கிழக்குப் பக்கத்துக்கு, நீங்கள் படுக்கப் போன பிறகு தம்பி இருக்கும் மேற்குக் கரைக்கு. வினையெல்லாம் முதல் தடவையில்தான். படமாக வந்த கதையை வானொலிக்கு மாற்றுவது என் பிழைப்பு அல்லவா? படத்தில் துப்பறிகிறவர் வாயே திறக்கமாட்டார். பார்ப்பார், புகை விடுவார், கண்டுபிடித்துவிடுவார். வானொலியில் புகை விட்டால் யாருக்குத் தெரியும்? ஆகவே, "இதென்ன, ஜன்னலோரம் சேறு படிஞ்ச பொம்பள செருப்பு!" என்று எழுதிக் கொடுத்தேன். படத்தில் துப்பறிகிறவராக நடித்த அதே ஹாலம், "தனியா நின்னு செருப்புகிட்ட பேச நான் என்ன பைத்தியமாய்யா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடிப் பேசவைத்தேன். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, அதுதான் வம்பு. விதவை வீட்டு எஜமானைச் சுடும் கட்டம். நாடகத்துக்குச் சத்தங்கள் எழுப்புகிறவன் கஸ். அவன் துப்பாக்கி விசையை அழுத்தினான்; வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான், ஊஹும். மைக்கில் மயான அமைதி. ஹாலம் சும்மா இருக்கலாமா? "ஐயையோ, கத்தியால குத்திட்டாங்களே!" என்று அலறிவிட்டார். கத்தி இறங்கும் சத்தத்துக்காக கஸ் பாய்ந்துபோய் ஒரு முட்டைக்கோஸைக் குத்தினான். கத்தி என்று வந்துவிட்டால் சமையல்காரன்தானே? அந்த வேஷம் போட்ட கிழவர் பெர்சிவல், வாழ்நாள் முழுக்க "சாப்பாடு தயார்" என்பதைத் தவிர வேறு வசனமே கிடைக்காதவர், விதவையைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆமாய்யா, நான்தான் குத்தினேன்! இத்தனை வருஷமா என் சூப்புல உப்பு இல்ல, உப்பு இல்லன்னே சொன்னான்யா!" என்று கதறினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்போது பார்த்துத் துப்பாக்கி வெடித்தது. ஹாலம் அசரவில்லை. "அடப்பாவமே, சமையல்காரர் தன்னைத்தானே சுட்டுக்கிட்டாரு!" உடனே சோப்புப் பாட்டைப் பாடவிட்டோம்.

மேற்குக் கரைக்கு நடித்தபோது துப்பாக்கி சொன்னபடி கேட்டது. விதவையே கொன்றாள். பெர்சிவல் வந்து "சாப்பாடு தயார்" என்றார், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் குரலில்.

ஆகவே தம்பியைக் கூப்பிட்டுச் சமாதானமாகிவிடுங்கள் அத்தான். அக்காவுக்கு என் முத்தம். வான்கோழிகளுக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும், அவற்றை அறுத்துச் சமைக்கும் நன்றித் திருநாள் வரைக்குமாவது.

உங்கள் தயவில் வாழும்,
லெமுவேல்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் சோப்பு முதலாளியே போன் செய்தார். உங்கள் கடிதம் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டதாம். உங்களுடையது போல மூட்டை மூட்டையாக வந்து குவிகிறதாம். "நாடு பூரா அண்ணன் தம்பி அடிச்சுக்கிறாங்கப்பா! சோப்பு வித்துப் பறக்குது! இனிமே வாராவாரம் கிழக்குக்கு ஒரு கொலைகாரன், மேற்குக்கு வேற ஒருத்தன், புரியுதா?" என்றார். அதனால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தயவுசெய்து தம்பியோடு மட்டும் சமாதானமாகிவிடாதீர்கள், அத்தான். என் வேலையே அதில்தான் இருக்கிறது.