வலது கைக்குத் தண்டனை கொடுத்த பாக்கெட்

உலகத்தில் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். நன்றாக வாசிக்கத் தெரிந்தும், வாசிக்கிற கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டு அடைத்து வைத்த மனிதன் ஒருவன்தான். அவன் எங்கள் திருத்தணிக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் அவன் பெயர் பாக்கெட்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவன் லீட் கிட்டார், நான் கீபோர்டு. பகலில் அவனுக்கு அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வேலை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே கிடந்ததாலோ என்னவோ, கிட்டாரில் ஒரு சின்னத் தடக் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பான்.

"எங்க வூட்ல தடக்கு, பக்கத்து வூட்ல தடக்கு, படுத்தா கனவுலயும் தடக்கு. கிட்டார்லயாவது தண்ணி மாதிரி ஓட வேணாவா பாவா?" என்பான். எனக்கும் அவனுக்கும் மாமன் மச்சான் உறவு ஒன்றும் கிடையாது. பழகிய தோஷம், நான் பாவா ஆகிவிட்டேன்.

அவனைப் பிடித்து ஆட்டிய பேயின் பெயர் லெகாட்டோ. பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. வழக்கமாக ஒவ்வொரு சுரத்துக்கும் வலது கை கம்பியைத் தட்டும். லெகாட்டோவில் வலது கை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்ச வேலை முழுக்க இடது கையுடையது. விரல்களே கம்பியின் மேல் விழுந்தும், சுண்டி எழுந்தும் சுரங்களைக் கோத்துக்கொண்டு போகும். சரியாக வந்தால் ஒரு சுரம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது. பாக்கெட்டுக்கு அது வரவில்லை. சுண்டுவிரல் சோம்பேறி. அது சோம்பும்போதெல்லாம் வலது கை ஓடி வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டிக் காப்பாற்றிவிடும்.

"திருட்டுக் கை பாவா இது!" என்று ஒருநாள் கொதித்தவன், நேராக மலையேறிப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டு இறங்கினான். சுரம் ஒட்டி வரும்வரை வலது கை கம்பியைத் தொடாது. முருகன் சரி என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் தொடும். மொட்டை, காவடி, பால்குடம் எல்லாம் பார்த்த மலை அது. இப்படி ஒரு வேண்டுதலை அந்த மலையும் பார்த்திருக்காது.

கம்பியைத் தொடக் கூடாது என்பதுதானே வேண்டுதல், கையை ஏன் பாக்கெட்டில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"வெளிய வுட்டா அது பாட்டுக்கு கம்பிகிட்ட போய்டுது பாவா. நம்ப முடியாது."

சோறு தின்னவும் கும்பிடவும் மட்டும் அந்தக் கைக்குப் பரோல் உண்டு. அதையும் ஒருநாள் மறந்து, சந்நிதியில் இடது கையை நீட்டிவிட்டான். அர்ச்சகர் திருநீற்றுத் தட்டைச் சடாரென்று பின்னால் இழுத்தார். "வலது கை என்னப்பா ஆச்சு?" என்றார். "தண்டனைல இருக்குது சாமி" என்றான். பின்னால் வரிசையில் நின்ற நான் யாரோ மாதிரி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்டுவிரலுக்குத் தனிப் பயிற்சி. சந்தையிலிருந்து காய்கறிப் பையை அந்த ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். அவன் மனைவி என்னிடம் முறையிட்டார். "தெருவே சிரிக்குதுங்கண்ணா. என் சடை ரப்பர் பேண்ட வேற எத்துகினு போய் கிட்டார் கழுத்துல மாட்டிக்கிறாரு. கேட்டா சும்மா கெடக்குற கம்பி சத்தம் போடுதாம், அத அடக்கவாம். நான் தல விரிச்சிகினு நிக்கறேன்!"

அரக்கோணம் பஸ்ஸில் இன்னும் மோசம். முன் சீட்டுக் கம்பி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஓட்டியிருக்கிறான். அது அப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்த ஒருவருடைய தலை.

"யோவ், இன்னாய்யா பண்றே?"

"சுண்டுவெரலுக்கு வேல குடுக்கறேங்க."

"உன் தலைல குடேன்யா!"

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அரக்கோணத்தில் ஒரு காதுகுத்து நிகழ்ச்சிக்கு எங்கள் குழு ஒப்புக்கொண்டதும்தான் வினை ஆரம்பித்தது. குழந்தையின் தாய்மாமன் ரயில்வேக்காரர், கிட்டார் பிரியர். அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "எம் மடியில கொயந்தய வச்சி காது குத்தற நேரத்துல லீட் கிட்டார் வழுக்கிகினு போவணும். கிட்டார் வந்தாத்தான் ஊசி. சொல்லிட்டேன்."

எங்கள் குழுவின் தலைவரை மைக் அண்ணன் என்போம். அவர் பாக்கெட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நைனா, உன் வேண்டுதல் உன்னோட. நானும் அந்த பிட்ட பென் டிரைவ்ல ரெடி பண்ணி வச்சிகினேன். அந்த எடத்துல உன் கிட்டார் வரலைன்னா அதப் போட்டுட்டுப் போய்னே இருப்பேன். அப்பால நம்ம குரூப்ல கிட்டாருக்கு சேர் கெடையாது."

இது வெறும் மிரட்டல் இல்லை. எங்கள் புல்லாங்குழல்காரர் இப்படித்தான் பென் டிரைவுக்குள் போனார், திரும்பி வரவேயில்லை. அந்தப் பென் டிரைவ் இருப்பது என் கீபோர்டில். பித்தானை அமுக்க வேண்டியவனும் நானே. என் கிரகம்!

மைக் அண்ணன் கல்நெஞ்சக்காரர் இல்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அவரே பாக்கெட்டை மலைக்கு அழைத்துப்போய்ப் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் முருகன் சரி என்கிறார். வெள்ளை வந்தால் இன்னும் வேண்டாம். பொட்டலம் கட்டியவர் மைக் அண்ணன். இரண்டிலும் அரளியையே வைத்துக் கட்டினார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

வழியில் போன ஒரு பக்தர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் சிவப்பு. "அரோகரா!" என்று மைக் அண்ணன் துள்ளினார். பாக்கெட் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையை ஆட்டினான்.

"சாமிக்கு வேல் தெரியும், மயில் தெரியும். கிட்டார் தெரியாதுண்ணா. நான் படற பாட்டப் பாத்து மனசு எறங்கி சரின்ட்டாரு. எனக்குத் தெரியுமே, இன்னும் ஒட்டல."

சாமியே உத்தரவு கொடுத்தும் ஏற்காதவனை என்ன செய்ய? மைக் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வரும்போது, பயமா இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம? சேர் போச்சின்னா அப்பால எனக்கு இன்னா இருக்குது? தடக்குதான்" என்றான். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்த வலது கையால் ஒரு தட்டுத் தட்டித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும் இந்தப் பயலுக்கு!

மறுநாள் காலை, அரக்கோணம் கல்யாண மண்டபம். தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்க்கிறார். மண்டபமே மேடையைப் பார்க்கிறது. மைக் அண்ணன் பல்லவியை முடித்து நிறுத்தினார். இனி கிட்டார். பாக்கெட் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறான், வலது கை பாக்கெட்டில். இடது கை கம்பி மேல், அசையவில்லை.

டிரம்ஸ் வாசிக்கிற பாஷா பாய், பகலில் மெக்கானிக். இடது கை மட்டும் வாசித்தால் சத்தம் எழும்பாது என்று புரிந்து, ஒரு கையால் தாளத்தை விடாமல் இன்னொரு கையை நீட்டிக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சத்தத்தை ஒரே திருகாகக் கூட்டினார். பெட்டி ஊய்ங் என்று ஊளையிட்டது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது.

"குத்தலாங்களா?" ஆசாரி.

"இருங்க. கிட்டார் வரட்டும்." தாய்மாமன்.

மைக் அண்ணன் என்னைப் பார்த்தார். பித்தான் மேல் என் விரல். அவர் கண்ணால் சொன்னார். நான் தாளத்தைப் பார்க்கிற மாதிரி பாஷா பாயைப் பார்த்தேன். புருவத்தால் சொன்னார். நான் குனிந்து கீபோர்டைத் துடைத்தேன். பொறுமையிழந்து, "ஆவட்டும், சீக்கிரம்!" என்று கத்தினார். மைக் ஆனில் இருந்தது. தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஆசாரி குத்திவிட்டார்.

குழந்தை வீறிட்டது. அந்த அலறலில் பாக்கெட்டின் விரல்கள் விழுந்தன. முதல் சுரம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது லேசாக. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக, எங்கும் அடிபடாமல், எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு மேலே போய், வளைந்து, கீழே இறங்கியது. சோம்பேறிச் சுண்டுவிரல் உயிரைக் கொடுத்து உழைத்தது. வலது கை வெளியே வரவேயில்லை. தாய்மாமன் குழந்தையைச் சமாதானப்படுத்த மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். பாஷா பாய், "அல்லா!" என்றார். என் விரல் பித்தானை விட்டு எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் மைக் அண்ணன் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். அடுத்த நிகழ்ச்சியில் மேடையில் பாக்கெட்டின் நாற்காலி எப்போதும் போல் கிடந்தது.

திருத்தணி ரயிலுக்குக் காத்திருக்கும்போது பாக்கெட் உதட்டைப் பிதுக்கினான். "எறங்கற எடத்துல லேசா ஒரு தடக்கு இருந்திச்சி பாவா. வேண்டுதல் இன்னும் முடில."

"அடப்பாவி!"

"அது சரி, அண்ணன் அவ்ளோ சொல்லியும் நீ ஏன் அமுக்கல?"

"வெரல் மரத்துப் போச்சிப்பா" என்றேன்.

அவன் நம்பவில்லை. வண்டி வரும்வரை என் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்திருந்தான். இப்போதும் ஒவ்வொரு மேடையிலும் அவன் முறை வரும்போது கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிடுகிறேன். கைகட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் நல்லபடியாகக் கரையேற வேண்டுமே என்று காத்திருக்கிறேன்.