ஓடாவி மரைக்காரின் ஓட்டங்கள்

கல்முனையில் பஸ் ஏறி நிந்தவூரில் இறங்கும் வரைக்கும் எத்தனை ஊர் வருகிறதோ அத்தனையிலும் தேடிப் பாருங்கள், எங்கள் ஓடாவி மரைக்காரைப் போல ஊரை விட்டுப் போன மனிதர் ஒருவர் அகப்பட மாட்டார். சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் ஒரு தடவை போனார்கள். இவர் மாதா மாதம் போனார்.

ஓடாவி என்றால் தோணி, வள்ளம் கட்டுகிற தச்சர். சாய்ந்தமருதுக் கடற்கரையில் அவருக்கு ஒரு வாடி இருந்தது. ஓலைக் கூரை, அதன் கீழே எப்போதும் அரைவாசி கட்டிய வள்ளம் ஒன்று. ஆள் கட்டை. காதில் பென்சில், கையில் குடை. மழைக்கும் வெயிலுக்கும் அந்தக் குடையை அவர் விரித்து நான் கண்டதில்லை. அது கோபத்துக்கு மட்டும் எடுக்கிற குடை. “பேருதான் ஓடாவி, ஓடுறதுதான் தொழில்” என்று சந்தையில் சிரிப்பார்கள்.

மரைக்கார் பட்டம் அவர் கேட்டு வாங்கியதல்ல. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு முஸ்லிமுக்கும் தாய்வழியாக ஒரு குடி உண்டு. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார். கலியாணம், தலாக்கு, காணிச் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் தீரும். மரைக்கார் இல்லாத சபை சபையே அல்ல, அங்கே எடுத்த முடிவு செல்லாது. ஓடாவியாரின் மாமா மௌத்தானதும் பட்டம் இவர் தலையில் வந்து விழுந்தது. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த வாத்தியாரான நான் அந்தச் சபைக்கு எழுத்து வேலை பார்த்தேன். என் உண்மையான வேலை மரைக்காரைப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவது.

சபை கூடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மரைக்காரின் காது சிவக்கும். குடையை எடுப்பார்.

“யா அல்லாஹ், இந்தக் கூட்டத்தோட என்னால ஏலா! நான் போறன்!”

அடுத்த பஸ்ஸில் நிந்தவூர். அங்கே தங்கச்சி வீடு. வழியில் தமிழ் ஊரான காரைதீவில் பஸ் நிற்கும். றோட்டோரத்தில் கணபதியின் கொல்லுப்பட்டறை. மரைக்காரின் வள்ளங்களுக்கு ஆணி அடித்துக் கொடுப்பவர் இந்தக் கணபதிதான். மழையில்லாத நாளில் பஸ் ஜன்னலுக்குள் ஒரு குடையைக் கண்டால் போதும், சுத்தியலை வைத்துவிட்டு எழும்பி வருவார்.

“என்ன ஓடாவியார், இண்டைக்கு ஆரோட?”

“உன்ட வேலயப் பாரு கணபதி!”

பஸ் முழுக்கச் சிரிக்கும்.

கொஞ்ச நாள் போனதும் நான் நிந்தவூருக்குப் போவேன். தங்கச்சி படலையிலேயே நிற்பார். “மாஸ்டர், இந்த மனிசனக் கையோட கூட்டிட்டுப் போங்க. என்ட ஊட்டுல கோழியெல்லாம் முடிஞ்சிட்டு.” உள்ளேயிருந்து குரல் வரும்: “நான் வரமாட்டன் எண்டு சொல்லு!” பிறகு நான் தேத்தண்ணி குடிக்க வேண்டும், ஊர்ப் புதினம் சொல்ல வேண்டும், அவர் கேட்காதது போலக் கேட்க வேண்டும். கடைசியில் குடை எழும்பும்.

இப்படி ஓடுவதற்கு அவரிடம் ஒரு தத்துவமும் இருந்தது. அதற்குப் பெயர் யூனுஸ் நபி கிஸ்ஸா. தன் சனத்தோடு கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போய், மீன் வயிற்றுக்குள் இருந்து அழுது, பிறகு அதே சனத்திடம் திரும்பி வந்த நபி. தலைவனாக வருகிறவன் மற்ற நபிமாரை விட்டுவிட்டு முதலில் இவரைப் படிக்க வேண்டும் என்பது மரைக்காரின் கட்சி.

“மூஸா நபிக்கு அசாக் கோல் இரிந்திச்சி, சுலைமான் நபிக்கு ஜின்னு இரிந்திச்சி. நமக்கு என்ன இரிக்கி? கோவம் மட்டும்தான். அப்ப நம்மட ஆளு ஆரு? யூனுஸ் நபி!”

ஒரு நாள் மவ்லவி தாங்க முடியாமல் இடையில் புகுந்தார். “மரைக்கார், நபிமாரில பிழை சொல்லப்படாது. பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யுங்க.”

“நான் எங்க பிழை சொன்ன? கோவம் எண்டுதானே சொன்னன்.”

“அதுவும் சொல்லப்படாது.”

“அப்ப ஏன் அவர மீன் விழுங்கின? மீனுக்குப் பசியா?”

மவ்லவி எழும்பிப் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் மரைக்கார் இருந்த இடத்தில் இருந்தார்.

கிஸ்ஸாவில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் வேறு. நபி போன பிறகுதானே சனம் பயந்து திருந்தியது. ஆகவே தலைவன் சில நேரம் ஊரில் இல்லாமல் போக வேண்டும். இதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். ஆனால் ஒரு தலாக்குச் சபையில் புருசனும் பெஞ்சாதியும் மண் வாரித் தூற்றாத குறையாக ஏசிக்கொண்டிருக்க, மரைக்கார் வழக்கம்போலக் குடையோடு நிந்தவூருக்குப் போனார். மரைக்கார் இல்லை, சபை இல்லை, தலாக்கும் இல்லை. நான் போய்க் கூட்டி வருவதற்குள் அந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து மரைக்காரை ஏசிக்கொண்டிருந்தார்கள். இன்று அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகும் ஒரு தடவை போனார். மையித்துகளை அடக்கி முடித்த கையோடு, கூரை போட வந்த நிவாரணத் தகரம் யாருக்கு முதலில் என்று சனம் பள்ளிவாசலுக்குள்ளேயே அடிபட்டது. “மண்ணு காயல்ல, அதுக்குள்ள தகரமா!” என்று கத்திவிட்டுப் போனார். பஸ் இல்லை, றோட்டெல்லாம் தென்னை மரம். விழுந்த மரங்களில் ஏறி இறங்கி நிந்தவூருக்கு நடந்தார். அங்கே தங்கச்சி வீட்டுக்கும் கூரை இல்லை. கோபித்துக்கொண்டு போய் இருக்க ஒரு கூரை கூட அல்லாஹ் வைக்கவில்லையே என்று திரும்பி வந்து தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அன்றைக்குச் சிரிக்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

எண்பதுகள் பிறந்து நடுவுக்கு வந்தபோது எங்கள் கரையோரம் கெட்டுப் போயிற்று. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் இருந்த மதகுகள் எல்லாம் எல்லைகளாகின. நேற்று வரைக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள் இன்று பொல்லோடு நின்றார்கள். இதற்கு இவன் காரணம், அவன் காரணம் என்று பேசி எனக்கு அலுத்துவிட்டது.

அப்படி ஒரு நாள் காலையில், நடக்கப்போவது ஒன்றும் தெரியாமல், கணபதி கடற்கரையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆணி கொண்டு வந்திருந்தார். அவர் வாடிக்குள் இருக்கும்போதே, வயலுக்குப் போன எங்கள் குடிப் பொடியன் ஒருவன் மாட்டு வண்டிலில் மையித்தாக வந்தான். யார் செய்தார்கள் என்பது இன்று வரைக்கும் தெரியாது. அன்றைக்கு அது யாருக்கும் தேவையாகவும் இருக்கவில்லை. காரைதீவுப் பக்கம் புகை எழும்பியது. பொடியன்கள் கணபதியைப் பிடித்து, பாதி கட்டிய வள்ளத்தின் விலா எலும்பு போன்ற வங்குக்கட்டையோடு கட்டினார்கள். அவர் கொண்டு வந்த ஆணியெல்லாம் மணலில் கொட்டிக் கிடந்தது.

கணபதியை என்ன செய்வது என்று தீர்க்கப் பள்ளிவாசலில் சபை கூடியது. மௌத்தான பொடியனின் நானா, மூத்தவன் றசீது, நடுவில் நின்றான். கையில் கத்தி. அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மரைக்கார் ஒரு வசனம்தான் சொன்னார். “கணபதிய அவிட்டு விடு மகன்.”

“மரைக்காருக்கு நம்மட மையித்து பெரிசில்ல, காரைதீவான்தான் பெரிசு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மற்றவர்களும் கத்தினார்கள். காது சிவப்பதைக் கண்டேன். குடை எழும்பியது.

“இந்த ஊரோட என்னால ஏலா! நாசமாப் போங்க! நான் போறன்!”

போய்விட்டார். எனக்கு நெஞ்சு லேசானது. மரைக்கார் இல்லை, சபை இல்லை, முடிவும் இல்லை. கணபதி தப்பினார் என்று நினைத்தேன். எங்கள் குடியில் பிறந்த எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

றசீது கத்தியைத் துடைத்தான். “நல்லது. மரைக்கார் போனா சபை இல்ல. சபை இல்லாட்டி நம்மளக் கேக்கவும் ஆளில்ல. அசறு தொழுதிட்டு வாடிக்கிப் போவம்.”

நான் பெரிய றோட்டுக்கு ஓடினேன். மரைக்கார் பஸ் நிறுத்தும் இடத்தில் குடையோடு நின்றார். பஸ் இல்லை. றோட்டில் ஒரு நாய் கூட இல்லை. நிந்தவூருக்குப் போகிற பஸ் காரைதீவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை, அவ்வளவு கோபம். றசீது சொன்னதைச் சொன்னேன். வாங்க என்று நான் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதில் சொல்லவும் முடியவில்லை.

அவர் அப்படியே றோட்டோரக் கல்லில் குந்தினார். கொஞ்ச நேரம் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், யூனுஸ் நபி உட்டுட்டுப் போன ஊருல ஒருத்தனையும் கட்டி வெச்சிருக்கல்ல.”

எழும்பினார். கடற்கரைப் பக்கம் நடந்தார். அந்தக் கட்டைக் கால்கள் அவ்வளவு வேகமாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

வாடியில் கணபதியின் உதடு வெடித்துக் கிடந்தது. “ஓடாவியார், என்ட பிள்ளையள்...” என்று தொடங்கினார். “வாய மூடு கணபதி” என்று மரைக்கார் அவருக்குப் பக்கத்தில் வள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். பொடியன்கள் தொழுதுவிட்டு வந்தபோது இரண்டு கிழவர்களும் தோளோடு தோள் இருந்தார்கள்.

“மரைக்கார் வந்திட்டன். இது சபை. அவிட்டு விடு எண்டுறது முடிவு.”

“எழும்புங்க மரைக்கார். இல்லாட்டி ஒங்களயும் சேத்து வெட்டுவன்” என்றான் றசீது.

“வெட்டு. நான் எழும்ப மாட்டன்.”

வீரமெல்லாம் ஒன்றுமில்லை, மரைக்கார் பயத்தில் மடியிலிருந்த குடையை இறுக்கிப் பிடித்தார், கண்ணால் கண்டேன். ஆனால் எழும்பவில்லை. றசீது ஏசினான், வாடியின் ஓலையை வெட்டினான், வள்ளத்தின் பலகையைக் கொத்தினான். கத்திக் கத்திக் கடைசியில் அவன் குரல் உடைந்தது. “என்ட தம்பி, மரைக்கார்...” என்று மணலில் விழுந்து அழுதான். மரைக்கார் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவன் தலையைப் பிடித்தார். அவரும் அழுதார். கணபதியும் அழுதார். யாருக்காக யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கணபதியின் கட்டை அவிழ்த்து, வெளிச்சம் இருக்கும்போதே தோணி ஒன்றை இறக்கினோம். தரையால் போகிற பாதை இரண்டு பக்கத்தாலும் அடைத்துக் கிடந்தது. நான் துடுப்பெடுத்துச் சவள் போட்டேன். கரை விலகியதும் மரைக்கார் தொடங்கினார்.

“இந்த முறை ஆணியெல்லாம் மொட்ட, கணபதி.”

“நீங்க அடிக்கிற அடிக்கு எந்த ஆணி நிக்கும்?”

“கள்ள இரும்பு.”

“கள்ளக் கை.”

காரைதீவுக் கரை தெரியும் வரைக்கும் ஆணிச் சண்டை நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் கணபதி இறங்கினார். “அப்ப நான் வாறன் ஓடாவியார்” என்றார், எவரும் சொல்வது போல.

“வராத” என்றார் மரைக்கார். “நான் சொல்லி அனுப்புற வரைக்கும் இந்தப் பக்கம் வந்திராத.”

கணபதி மணலில் ஏறித் தாழை மறைவுக்குள் போகும் வரைக்கும் தோணியைத் திருப்ப அவர் என்னை விடவில்லை. சொல்லி அனுப்புகிற காலம் வரவில்லை. பட்டறை எரிந்துபோய் கணபதி குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த ஜும்மா முடிந்து குடிச் சபை கூடியது. மரைக்காரை விலக்குவதற்காக. குடியின் மானத்தை விற்றார், மையித்துக்குத் துரோகம் செய்தார், எதிரியைத் தோணியில் ஏற்றினார் என்று ஒருவர் மாறி ஒருவர் பேசினார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார்கள். நான் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. றசீது தூணோடு சாய்ந்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். நான் மரைக்காரின் பக்கத்தில் நகர்ந்து, “எழும்பிப் போங்க, மரைக்கார். பஸ் ஓடுதில்லாட்டி என்ட ஊட்ட போங்க” என்று குசுகுசுத்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் அவரைப் போகச் சொன்னேன்.

“இரி மாஸ்டர்” என்றார். “மரைக்கார் இல்லாட்டி முடிவு செல்லாதே. அதுகள் முடிக்கட்டும்.”

முடித்தார்கள். கடைசிப் பேச்சு வரைக்கும் இருந்து, சபையை முடிக்கிற ஸலவாத்தும் சொல்லிவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு யாரும் அவரிடம் வள்ளம் கட்டக் கொடுக்கவில்லை. றசீது கொத்திய பலகையோடு அந்த வள்ளம் வெயிலில் வெடித்தது. கலவரம் தீர்வதற்கு முன்பே அவர் மௌத்தானார். ஜனாஸாவுக்குப் பெரிய கூட்டம் இல்லை. றசீது முன்னால் தோள் கொடுத்தான், நான் பின்னால் கொடுத்தேன்.

இப்போதும் பள்ளிவாசலில் யூனுஸ் நபி கிஸ்ஸா சொல்வார்கள். மீன் வயிற்று இருட்டில் நபி அழுகிற இடம் வந்தால் சனம் தேம்பும். என் கண் அங்கே நனைவதில்லை. அவர் எழும்பித் தன் ஊர்ப் பக்கம் திரும்பி நடக்கிற இடம் ஒன்று வரும், மவ்லவிமார் அதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்க முடிவதில்லை.