லேபிள் அக்காவின் மூன்று வகைகள்

உலகத்தில் உள்ள அத்தனை பொருளையும் மூன்றே வகைக்குள் அடக்கிவிட்டவர் எங்கள் லேபிள் அக்கா. தீப்பிடிப்பது, தோலை அரிப்பது, மூச்சை முட்டவைப்பது. நான்காவது வகை உண்டு என்று யாராவது சொன்னால் அந்த ஆளையே மூன்றில் ஒன்றில் சேர்த்துவிடுவார்.

தொண்ணூறுகளில் பாறசாலைக்குப் பக்கத்தில், ரப்பர் பால் வாங்கி ஷீட் அடிக்கும் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அவர் ஸ்டோர் பொறுப்பு. ரசாயனங்களை எப்படி வகைபிரிப்பது என்று திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய்வந்தார். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. அமோனியா சிலிண்டரிலும் ஆசிட் கேனிலும் படம் போட்ட லேபிள் ஒட்டினார், அது சட்டம். காலை முதல் மாலைவரை கொதிக்கும் கேன்டீன் டீ பாத்திரத்தில் 'தோலை அரிக்கும்' என்று ஒட்டினாரே, அது எந்தச் சட்டம்? கேன்டீன்காரர் சண்டைக்கு வந்தார்.

"மக்கா, எனக்க நாக்கைப் பாத்துட்டுப் பேசு" என்று டீயில் வெந்த நாக்கை நீட்டினார் அக்கா.

மேனேஜர் அறைக் கதவில் 'எளிதில் தீப்பிடிக்கும்'. அதைப் படித்ததும் மேனேஜர் உடனே தீப்பிடித்தார். மறுநாள் முதலாளி வருகிறார், ஒரு லேபிள்கூடக் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு போட்டு, ஸ்டோரில் இருந்தவற்றையும் சேர்த்துச் சுரண்ட வைத்தார்.

மறுநாள் காலை, லாரி டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி ஸ்டோருக்குள் வந்து, பெயரில்லாத வெள்ளைக் கேன் ஒன்றின் மூடியைத் திருகினார்.

"எலே, அது வெள்ளமில்ல, ஆசிடாக்கும்! கை பட்டா தோலு உரிஞ்சு போவும்!"

பாய்ந்து வந்த அக்கா கேனைப் பிடுங்கி, மூடியை இறுக்கி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"முதலாளிக்க வண்டி கேட்டுக்கு வந்தாச்சு, எழும்பு" என்று மேனேஜர் கெஞ்சினார். அக்கா அசையவில்லை.

உள்ளே வந்த முதலாளி திகைத்து, "இது ஆரு?" என்றார்.

"லேபிளாக்கும் மொதலாளி. ஒட்டினதையெல்லாம் சார் சொரண்டிட்டாரு. என்னைச் சொரண்ட முடியாதுல்லா?"

டிரைவர் நடந்ததைச் சொன்னார். முதலாளி கேனைப் பார்த்தார். பிறகு மேனேஜரை வெகுநேரம் பார்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லா லேபிளும் திரும்பி வந்தன. ஒட்டியவர் மேனேஜர். தன் கதவிலும்.

வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், காலையில் கேனைப் பிடுங்கிய கையை அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"பின்னே? அவனுக்க மொகத்துல தெறிச்சிருந்தா? ரெண்டு சின்னப் பிள்ளைக உண்டு அவனுக்கு."

செங்கல் என்ற என் ஊருக்குப் போகும் பஸ் வந்தது. பனச்சமூட்டுக்குப் போகும் அவருடைய பஸ் முதலில் வரட்டும் என்று அதை விட்டுவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றேன்.