குறுக்குப் பிள்ளையின் கடைசிக் கேள்வி

குறுக்குப் பிள்ளை நடமாடிய காலத்தில் திருவனந்தபுரத்தில் யாரும் ஒரு பொய்யை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே மறித்து விடுவார். வஞ்சியூர்க் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. தம் வக்கீலுக்குக் குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். அதைக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாதது அவர் வியாதி. பால்காரியிடம், "இது பாலுன்னு சொல்லுகது ஒனக்க சொந்த அறிவா, இல்ல வேற ஆளு சொல்லிக் கேட்டதா?" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பனாரை நிற்கவைத்து, பெண்ணின் வயதை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று வெவ்வேறு வயது வந்தது. கல்யாணப் பேச்சு அன்றே முடிந்தது. அதன்பின் யாரும் அவருக்குப் பெண் காட்டவில்லை.

நான் அப்போது பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்து, சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் அவர் அறை வாசலில் ஒதுங்கினேன். எந்த ஊர், எதற்கு வந்தாய், வந்ததற்கு யார் சாட்சி என்று மழை விடும்வரை விசாரித்துவிட்டு, "செரி, கெட" என்றார். அறை முழுக்கப் புத்தகக் கட்டுகள். எல்லாம் ஒரே புத்தகம். அவரே எழுதி, அவரே அச்சுப் போட்ட 'தோவாளைக் கொலை வழக்கு' என்ற நாவல். விற்காத கட்டுகளை அடுக்கி அதன்மேல் பாயை விரித்தால் எனக்குக் கட்டில்.

அந்த வருஷம் ஊரில் தமிழ் எழுத்தாளர் மாநாடு ஒன்று கூட்டினார்கள். எப்படியோ இவருக்கும் அழைப்பு அட்டை வந்தது. பெயருக்கு முன்னால் 'எழுத்தாளர்' என்று போட்டிருந்தது. குமாஸ்தா என்றும் குறுக்கு என்றும் மட்டுமே கூப்பிடப்பட்ட மனிதர், அதைத் தீபாராதனைத் தட்டுப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பிற்பகலில் எழுத்தாளர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி உண்டு என்றும் அட்டையில் அச்சாகியிருந்தது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

வரப்போகிறவர்களின் நாவல்களையெல்லாம் இரவல் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஆத்திரம் பொங்கியது. பட்டணத்துப் பெரியவர் ஒருவரின் நாவலில் கமலா என்ற பெண் கிணற்றில் குதிக்கிறாள். பக்கத்திலேயே தோட்டக்காரன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன் என்ன செவிடனாலே?" என்று என்மேல் பாய்ந்தார், ஏதோ நான்தான் தள்ளிவிட்டது போல. அதே நாவலில் கதாநாயகன் நாள்கணக்கில் பட்டினி கிடந்துவிட்டு, நிலாவைப் பார்த்துப் பாடுகிறான். இந்த இடத்தில் எனக்கே கோபம் வந்தது. செங்கோட்டை ரயிலடியில் நான் பட்டினி கிடந்திருக்கிறேன். பாட்டு வராது. கொட்டாவிதான் வரும்.

தினமும் சாயந்தரம் ஒத்திகை. நான் எழுத்தாளர். மண்ணெண்ணெய்ப் பெட்டிதான் சாட்சிக் கூண்டு. கூலி, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது அவர் கோர்ட்டில் கட்டிக்காத்த விதி. ஆகையால் பதில்களையும் அவரே தயாரித்தார். தோட்டக்காரன் ஏன் திரும்பவில்லை என்றால், "எழுத மறந்துவிட்டேன்" என்பது என் பதில். பட்டினி கிடந்ததுண்டா என்றால், "இல்லை." கடைசிக் கேள்வி எல்லா எழுத்தாளருக்கும் ஒன்றுதான். 'தோவாளைக் கொலை வழக்கு' என்ற நாவலை வாசித்ததுண்டா? அதற்கும் பதில் "இல்லை." அதைக் கேட்கும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

மாநாட்டன்று காலையில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். வழக்கு நாளில் சாட்சிகளை வராந்தாவில் குத்தவைத்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது குமாஸ்தாக்களின் வழக்கம். அதே வழக்கப்படி, விருந்தாளி எழுத்தாளர்கள் தங்கியிருந்த வலியசாலை வீட்டுக்கு விடியும்போதே புறப்பட்டார். நானும் கூட நடந்தேன். எதிர்த்தரப்புச் சாட்சிக்குப் போய் யாராவது பாடம் சொல்லுவார்களா என்று கேட்டேன்.

"எழுத்தாளருக்குள்ள எதிர்த்தரப்பு ஏதுலே? எல்லாம் நம்ம ஆளுதான்" என்றார்.

பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். "சாரே, பயப்படண்டாம். நான் இப்பிடிக் கேப்பேன். நீங்க நான் சொல்லித் தாறத மட்டும் சொன்னா மதி. கூடுதலா ஒண்ணும் சொல்லப்பிடாது." சில்க் ஜிப்பா போட்ட ஒரு சிறுகதைக்காரர் வாயில் பற்பொடியோடு உள்ளே ஓடினார். பட்டணத்துப் பெரியவர் மட்டும் காப்பியை ஆறவிட்டு முழுவதும் கேட்டு, பதில்களைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிள்ளை அவரிடம் தம் நாவலில் ஒரு பிரதியை வைத்துவிட்டு வந்தார்.

பிற்பகலில் காரியதரிசி எழுந்து, நேரமின்மையால் கேள்வி நிகழ்ச்சி ரத்து என்றார். எனக்கு இன்றும் ஆறவில்லை. நேரமின்மையாம். காலையில் அந்த மனிதர் தாம் இயற்றிய வரவேற்புப் பாட்டைப் பல்லவியிலிருந்து மறுபடியும் மறுபடியும் எடுத்துப் பாடினாரே, அப்போது நேரம் எங்கிருந்து வந்தது? ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்ள நேரம் இருந்தது. மாலையைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று விழிக்கவும் நேரம் இருந்தது. கேள்வி கேட்க மட்டும் இல்லை.

பிள்ளை கடைசி வரிசையில் என் பக்கத்திலிருந்து எழுந்தார். காரியதரிசி மேடையிலிருந்தே கையமர்த்தினார். "வேய் பிள்ளே, இது கோர்ட்டு இல்ல. இங்க இருக்கப்பட்டது எல்லாம் பெரிய எழுத்தாளர்மாரு. நீரு இரியும்."

சபை சிரித்தது. பிள்ளை உட்கார்ந்து அழைப்பு அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்து ஒரு சத்தம் போடப் பார்த்தேன். அவர் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகப் பட்டணத்துப் பெரியவர் பேச எழுந்தார். கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்தார்.

"காலையில் ஒருவர் என்னிடம் சில கேள்விகள் சொன்னார். கேட்பதற்கு நேரம் இல்லையாம். பதிலையாவது சொல்லிவிடுகிறேன். தோட்டக்காரன் திரும்பியிருக்க வேண்டும், எழுத மறந்துவிட்டேன். நான் பட்டினி கிடந்ததில்லை."

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. காரியதரிசி கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளையின் உதடுகள் பதிலுக்குப் பதில் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. இனிக் கடைசிக் கேள்விதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லும்படி சொல்லித் தந்தார். ஆனால் மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே பதில் மாறிவிட்டது. ஆம், பாதி வாசித்திருக்கிறேன். மீதியை ரயிலில் வாசிப்பேன். கொலை செய்தது யார் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிட வேண்டாம்."

பிள்ளை தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"சாட்சி பிறண்டுட்டாரு, மக்கா" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

சில மாதங்களில் நான் வேறு ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன். அவரை மறுபடி பார்க்கவில்லை. எத்தனையோ சாயந்தரம் பெட்டிமேல் உட்கார்ந்து, யார் யாருக்காகவோ அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அதை அவர் எனக்கென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாசித்திருக்கிறேன், அண்ணாச்சி. இரண்டு தடவை.