பந்தி சார் பரிமாறிய ஸ்பெகட்டி

பந்தி சார் கையால் ஒரு கரண்டியாவது வாங்கிச் சாப்பிடாத ஆள் செங்கல்பட்டில் இருந்தால், அவர் நேற்றுதான் ரயிலில் வந்து இறங்கியவராக இருக்கவேண்டும்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. அதை அவரே எடுத்துப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவு, அவர் ஸ்டோர்ஸ். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் கேண்டீனுக்குப் போய், பரிமாறுகிறவர் கையிலிருந்து சாம்பார் வாளியை வாங்கிக்கொள்வார். கேட்டு வாங்குவதில்லை. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல வாளி நைசாகக் கை மாறிவிடும்.

எதிரே யாராவது சாப்பிட உட்கார்ந்தால் இவரால் உட்கார்ந்திருக்க முடியாது. வியாதி என்றே சொல்லலாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு இட்லி சாப்பிடப் போனார். பக்கத்து மேஜைக்காரர் சட்னிக்குக் கை தூக்கினார். அவ்வளவுதான், எழுந்து போய் ஹால் முழுக்கச் சட்னி போட்டுவிட்டார். "காபி சொல்லி எவ்ளோ நேரமாச்சு, இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?" என்று ஒருவர் அதட்ட, மன்னிப்புக் கேட்டு அதையும் கொண்டுவந்து வைத்தார். கல்லாவிலிருந்து முதலாளி கூப்பிட்டு, "நாளைலருந்து யூனிபாரம் போட்டுக்கினு வா" என்றாராம்.

இன்னொரு தடவை மின்சார ரயிலில் எதிர் சீட்டுக்காரர் டிபன் பாக்ஸைத் திறந்தார். "நீ சாப்புடு நைனா, நான் வெக்கிறேன்" என்று இவர் அவருடைய ஸ்பூனையே வாங்கி, அவருடைய தயிர் சாதத்தையே அவருக்கு மூடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறினார். மறைமலைநகர் வருவதற்குள் அந்த மனிதர் தன் சொந்தச் சோற்றுக்கு "போதும்ணா, போதும்ணா" என்று கையால் மறித்திருக்கிறார்.

கல்யாணக் கதை இதைவிட மோசம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். ஆபீஸ் பையன் ஒருவன் கல்யாணத்துக்குப் போன இவர் தப்பான மண்டபத்தில் நுழைந்து மூன்று பந்தியை முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று நினைத்தார்கள். மணமக்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான், இது நம் ஆபீஸ் பையன் இல்லையே என்று இவருக்கு உறைத்ததாம்.

இப்படிப்பட்டவரை என் வாழ்க்கையிலேயே ஆபத்தான ஒரு சாப்பாட்டுக்கு நான் அழைத்துப் போகவேண்டி வந்தது.

என் மகள் ஜெனி படூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் தினேஷைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையன் தங்கம். ஆனால் குடும்பம் திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். நிலமும் டிப்பர் லாரிகளும் உள்ளவர்கள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். என் தாத்தா அந்த மாதிரி வீடுகளின் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இதற்கு மேல் விளக்கவேண்டாம் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தடவை பார்க்கலாம் என்று பையனின் அப்பா இறங்கிவந்தார்.

எங்கே பார்ப்பது? ஜெனிதான் சொன்னாள். "அவங்க வூட்டுக்குப் போனா எங்க உக்கார வெப்பாங்களோன்னு நீ பயப்படுவ. நம்ம வூட்டுக்கு அவங்க வந்தா சாப்புடுவாங்களான்னு பயப்படுவ. மாமல்லபுரத்துல ஒரு இத்தாலி ஓட்டல் கீதும்மா. அங்க எல்லாருக்கும் எல்லாமே புதுசு."

எங்களிடம் கார் கிடையாது. பந்தி சாரிடம் பழைய வேன் ஒன்று உண்டு. ஓட்டிக்கொண்டு வரச் சம்மதித்தார். நான் முன்னெச்சரிக்கையாகச் சொன்னேன்: "சார், நீங்க தனி டேபிள். எதுவா இருந்தாலும் எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்கவே மாட்டேம்மா" என்றார். கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டேன்.

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சந்தில் இருந்தது அந்த ஓட்டல். நடத்துகிறவர் இத்தாலியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. பருத்திப் புடவை, உச்சியில் கொண்டை. பையனின் அப்பா வெள்ளை வேட்டியில், நாற்காலியை மேஜையிலிருந்து ஒரு முழம் பின்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துத் தன் முன்னால் வைத்தார். என் கணவர் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார். அவர் பதற்றமானால் விசிறியைத்தான் பார்ப்பார்.

வெள்ளைக்கார அம்மா இரண்டு கையாலும் ஒரு அகலமான தாம்பாளத்தைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். சிவப்புக் குழம்பில் புரண்ட ஸ்பெகட்டி. பக்கத்திலேயே பூண்டு தடவிய ரொட்டி, சீஸ் உருகிய கத்திரிக்காய். "எல்லாம் ஒரே தட்டு. எல்லாரும் எடுங்க. குடும்பம்!" என்று மழலைத் தமிழில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

யாரும் எடுக்கவில்லை.

"தனித்தனியா குடுக்கமாட்டாங்களா?" என்றார் பையனின் அப்பா.

"இங்க இப்படித்தாம்பா" என்றான் தினேஷ்.

"அப்ப நீங்க சாப்புடுங்க. எங்களுக்குப் பசியில்ல."

கத்திரிக்காய்மேல் சீஸ் இறுகிக்கொண்டிருந்தது. ஜெனி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு சிவந்துவிட்டது. அது சின்ன வயதிலிருந்தே அழுகைக்கு முந்திய நிறம். எழுந்து போய்விடலாம் என்று நான் கைப்பையை எடுத்தேன்.

அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. 'ஐயோ, முடிந்தது கதை' என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்தி சார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு பெரிய முள்கரண்டியோடு தாம்பாளத்தின் முன் நின்றார். வாழ்க்கையில் ஸ்பெகட்டியைப் பார்த்திராதவர். ஒரு கவளம் குத்தித் தூக்கினார். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. கையை உயர்த்தினார், எம்பினார், நுனிக்காலில் நின்றார், அப்போதும் முனை தாம்பாளத்தை விடவில்லை. "இன்னாடா இது, கெணத்துக் கயிறாட்டம் கீது!" என்று ஆடாமல் அசையாமல் அதைக் கொண்டுபோய்ப் பையனின் அப்பா தட்டில் இறக்கி, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்:

"போதுமா சம்மந்தி?"

என் கணவர் விசிறியை விட்டுவிட்டுப் பந்தி சாரைப் பார்த்தார்.

"யாருய்யா நீ?" என்றார் பையனின் அப்பா.

"வேனு ஓட்டிக்கினு வந்தவன் சார். ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது. ஒரு வாய் பாருங்க."

சொல்லிவிட்டு நகரவில்லை. முதல் வாய் உள்ளே போகிறவரை அவர் நகரமாட்டார் என்பது எங்கள் கம்பெனிக்கே தெரியும். முதுகை வளைத்து, முகத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பையனின் அப்பா மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைப் பார்த்தார். பந்தி சார் அவர் வாயைப் பார்த்தார். எத்தனை நேரம்தான் ஒரு மனிதரால் தாங்கமுடியும்? கையாலேயே சுருட்டி வாயில் போட்டார். மென்றார்.

"காரமே இல்லியே" என்றார்.

பந்தி சார் சமையலறைக்கு ஓடினார். உள்ளே தடதடவென்று சத்தம், வெள்ளைக்கார அம்மாவின் சிரிப்பு. எண்ணெயில் வதக்கிய பச்சை மிளகாயோடு திரும்பிவந்து தூவினார். பிறகு என் தட்டு, அப்புறம் பையனின் அம்மா தட்டு, அப்புறம் ஜெனி, தினேஷ் என்று மாறி மாறி அதே தாம்பாளத்திலிருந்து, "கைய எடும்மா, கைய எடு" என்று போட்டுக்கொண்டே போனார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் வைய்யா" என்றார் பையனின் அப்பா. நாற்காலியையும் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் எலுமிச்சை பிழிந்த முழு மீன் ஒன்று வந்தது. பையனின் அம்மா அதைப் பிட்டார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்தக் கையாலேயே ஒரு துண்டை ஜெனியின் தட்டில் வைத்தார். "முள்ளு இல்ல, சாப்புடு" என்றார்.

ஆறு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை நான் அப்போதுதான் விட்டேன். சத்தமாகவே விட்டிருப்பேன் போல. கணவர் திரும்பிப் பார்த்தார்.

வைகாசியில் கல்யாணம் என்று பேசி எழுந்தோம். வாசலில் செருப்பு மாட்டும்போது பையனின் அப்பா தெருவைப் பார்த்தார். அங்கே பந்தி சார் வேனின் பின்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

கூட வேலை பார்க்கிறவர் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

"எங்க அண்ணன்" என்றேன்.