மாப்பிள்ளை வடிவமைத்த கூலர் பற்றி மாமனாரின் பரிசோதனை அறிக்கை

பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், கணினி ஒன்றுதான் சுகமில்லை. அங்கே நீங்களும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்வதை விட்டுவிட்டு இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் ஆரம்பித்தால் என் மகள் பாப்பா பக்கத்தில் நின்று போனைப் பிடுங்கிவிடுவாள். தவிர, குறை என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனின் பழக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தை இந்த வயதில் நூலகப் படிப்பு படித்து, வரும் வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு எழுதப் போகிறாள். மூன்று மணி நேரம், வீட்டுக் கணினியிலேயே, கேமரா பார்த்துக்கொண்டிருக்க. நடுவில் கணினி அணைந்தால் தாள் செல்லாது, இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எங்கள் கணினியோ இருபதாவது நிமிடம் சூடேறி மூர்ச்சை போட்டுவிடும். தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் வந்து பார்த்தார். எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் முதலில் 'பூ' என்று ஊதிப் பார்ப்பவர் என்பதால் நாங்கள் அவரை ஊதல் என்போம். அவர் ஊதிவிட்டு, பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலர் செத்துவிட்டது என்றார். சேதி பாப்பா வழியாக உங்களுக்கு வந்து, நீங்களும் உங்கள் கம்பெனியில் நீங்களே வடிவமைத்த கூலரை அனுப்பி வைத்தீர்கள். உங்கள் மனசு தங்கம். பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

ஊதலைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லலாம் என்றாள் உங்கள் அத்தை. மாப்பிள்ளை செய்த பொருளை மாமனார் மாட்டாமல் தெருவில் போகிறவரா மாட்டுவது என்று நான் மார்தட்டினேன். "நீங்க தொட்டா சோதனைதான் பண்ணுவீங்க, மாட்ட மாட்டீங்க" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் அன்றைய பொழுது முழுவதும் சாப்பாட்டு மேசையில் வெர்னியர் அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாகத்தான் போனது. தகடுகள் நாற்பத்தெட்டு. மேலிருந்து மூன்றாவது தகட்டின் இடைவெளி மற்றதைவிடக் குறைவு, நாலாவது வளைந்திருக்கிறது, ஐந்தாவது என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. இவ்வளவு மெல்லிய தகட்டை மனிதர் கையால் தொடுவார்கள் என்று வரைபடம் போட்டபோது உங்களுக்குத் தோன்றவில்லையா? ஃபேனைப் பிடித்துக்கொள்ளும் கம்பிக் கொக்கி இருக்கிறதே, அதை மாட்டப் போனால் துள்ளி எழுந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது, நான் தரையில் குப்புறப் படுத்துத் துடைப்பக் குச்சியால் எடுத்தேன், எழுந்திருக்க உங்கள் அத்தை கைகொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து பெட்டிக்குள் சும்மா வைத்துப் பார்த்தால் ஃபேன் நாலு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது, கணினிப் பெட்டியின் கதவு மூடவில்லை. அளந்து வாங்கக் கூடாதா என்று கேட்டுவிடாதீர்கள். நான் வாங்கவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். பிராசஸரைத் தொடுகிற அந்தச் செம்பு அடித்தட்டு இருக்கிறதே, அது வேலை! கண்ணாடி தோற்றுவிடும். அதில் முகம் பார்த்து என் மீசையில் இன்னும் கறுப்பாக இருப்பவற்றை எண்ணினேன், ஏழு. எஃகு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு கீற்றுகூட நுழையவில்லை. அசந்துபோய்விட்டேன். என்னை அறியாமல் கை அலமாரிக்குப் போய், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த 'தேறியது' என்ற பழைய பச்சை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நட்டநடுவில் ஒட்டிவிட்டது. நான் பச்சை ஒட்டிய ஒரு பாகமும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்த ஒன்றுக்காக உங்களை மனசாரப் பாராட்டுகிறேன்.

மறுநாள், கூடவே வந்த துண்டுச்சீட்டில் போட்டபடி பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பசை வைத்து, கூலரை உட்கார வைத்து, நாலு திருகையும் மூலைக்கு மூலை மாற்றி இறுக்கி, உங்கள் பெயரைச் சொல்லி ஸ்விட்சைப் போட்டேன். உங்கள் அத்தை மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தாள். நாலே நிமிடத்தில் அணைந்துவிட்டது! பழைய கூலரே இருபது நிமிடம் தாங்கியது, மாப்பிள்ளை. இன்னும் இறுக்கினேன், மூன்றரை நிமிடம். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். இரண்டு வருடமாக வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படித்தவள்.

ஆகவே இத்துடன் சிவப்புப் படிவம் இணைத்திருக்கிறேன். வடிவமைப்பு, தகடு, கொக்கி, உயரம், குளிரூட்டும் திறன் எல்லாமே நிராகரிக்கப்பட்டன, அடித்தட்டு நீங்கலாக. செய்தவருக்கு ஒன்று, அவருடைய மேலதிகாரிக்கு ஒன்று என்பது எங்கள் நடைமுறை என்பதால், உங்கள் மேலாளருக்கும் ஒரு நகலைச் சற்றுமுன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறவு வேறு, தரம் வேறு.

பாப்பாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். நீங்கள் இருவரும் தொட்டதெல்லாம் துலங்கி, நீடூழி வாழ வேண்டும். அடுத்த கூலராவது நன்றாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: மறுநாள் எழுதுகிறேன். காலையில் எனக்குத் தெரியாமல் உங்கள் அத்தை ஊதலைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் ஊதினார், கழற்றினார், கவிழ்த்தார், அப்படியே நின்றார். "சார், இது உங்க கையெழுத்தா?" என்றார். பச்சை ஸ்டிக்கர், செம்புக்கும் பிராசஸருக்கும் நடுவில், ஓரம் கருகி. சூட்டை மறித்தது அதுதானாம். அவர் அதை உரித்து, துடைத்து, புதுப் பசை வைத்து மாட்டினார். ஃபேனை நான் மேலே ஏற்றி மாட்டியிருந்தேனாம், இறக்கியதும் கதவு மூடிக்கொண்டது. அந்த நாலாவது தகடு, என் வெர்னியர் அழுத்தியதில் வளைந்தது. உங்கள் அத்தை மூன்று மணி நேரமும் மாதிரித் தேர்வை எழுதி முடித்தாள். பெட்டி மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மகராசன், நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

அவள் எழுந்து வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். மன்னித்துவிட்டாள் என்று குளிர்ந்துபோய், மேலாளருக்கு அனுப்பிய உறையைத் திரும்ப வாங்கத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். தபால் பை நேற்றே போய்விட்டதாம். மேலாளர் பிரிப்பதற்குள் எப்படியாவது அங்கே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. முதுகில் சிவப்பு ஸ்டிக்கர், உங்கள் அத்தையின் கையெழுத்தில்: 'குறை: அவசரம், வாய். முடிவு: திருப்பி அனுப்ப வழியில்லை, வைத்துக்கொள்ளவும்.'