இரண்டு சிரட்டை மீசை

கடிகாரத்தில் காலை ஒன்பதரை. ஜப்பான்காரர்கள் தங்கள் ஊர் நேரத்துக்கு முள்ளைத் தள்ளி வைத்திருந்தார்கள். சூரியனைக் கேட்டால் எட்டு என்றிருக்கும். நான் முதலில் பார்த்தது ஒரு விரலை. மலாயாவில், லாபிஸ் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஜப்பானியச் சிப்பாய், அந்த விரலால் தன் மூக்குக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தான்.

“மிசு! மிசு!”

என் மூக்குக்குக் கீழே, கல்யாணத்துக்காக வளர்த்த மீசை ஒன்று இருந்தது. (ஊரே அதைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக எனக்கு நினைப்பு.) மலாய்க்காரர்கள் மீசையை ‘மிசாய்’ என்பார்கள். மலாய் வரை போன சொல் ஜப்பானுக்கும் போயிருக்காதா?

“மிசாய், துவான்?” என்று மலாயில் ஐயா போட்டுக் கேட்டு, என் மீசையைத் தொட்டுக் காட்டினேன்.

“ஹாய்! மிசு!” ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

எடுக்கச் சொல்கிறான், சந்தேகமே இல்லை.

மழிக்கத் தண்ணீர் வேண்டும். வம்பு அங்கேதான். கிணறு வற்றிவிட்டது. என் மனைவி செசிலி, தகரக் கூரையின் ஓரத்தில் பிளந்த மூங்கிலைக் கட்டி, மழைநீரைப் பீப்பாயில் சேர்த்திருந்தாள். மரவள்ளிக்கிழங்கு கழுவிய நீரில் பாத்திரம் கழுவுவாள். அந்த நீர் கத்தரிச் செடிக்கு. நான் முகம் கழுவுவதே கத்தரிப் பாத்தியில் நின்றுதான். இப்போது பீப்பாயின் அடியில் மிச்சம் இரண்டு சிரட்டை.

“அது புள்ளைக்குக் கஞ்சி வெக்க. தொட்டீங்க, அப்புறம் நடக்கிறதே வேற,” என்று சொல்லிவிட்டுத்தான், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிழங்கு பிடுங்கப் போயிருந்தாள்.

தொட்டேன். இரண்டும் காலி.

உதட்டில் ரத்தம் சொட்ட வெளியே வந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கி, சுத்தமான மேலுதட்டைக் காட்டினேன். சிப்பாய் என்னையே பார்த்தான். பிறகு கையைக் குழித்து வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினான்.

“மிசு!”

விட்டான் ஓர் அறை. மீசை இல்லாததால் முழுதாக விழுந்தது.

அவன் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் தேடிப் போகவும் செசிலி திரும்பவும் சரியாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“அலமாக்! தண்ணி கேட்டவருக்கு மீசைய எடுத்துக் குடுத்தீங்களா?” சிரித்துக்கொண்டே பீப்பாயை எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. “புள்ளைக்கு?”

குழந்தை அழ ஆரம்பித்தது. நான் காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்தேன்.

“ஆத்துக்கு அப்புறம் ஓடலாம். மழிச்ச தண்ணிய மொதல்ல கத்தரிக்கு ஊத்துங்க!”

மழை வரும்வரை தினமும் ஆற்றுக்கு நடந்தேன். வழியில் பார்த்தவர்கள், யார் செத்தது என்று விசாரித்தார்கள்.

வீட்டுக்குக் குழாய் வந்த பிறகும், “பீப்பாய்ல மீசை இருக்கா?” என்றுதான் செசிலி கேட்பாள். பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள்.

இன்று காலை என் பேத்தி, புட்டியில் மீசை நிரப்பிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.